வேர்வை ஆபீஸும் பதினேழாம் எண்ணும்

எல்லாம் மை ஒற்றும் தாளால் வந்த வினை. வெள்ளைக்காரன் மலாக்காவை விட்டு ஓடியபோது பெட்டியை எடுத்தான், துப்பாக்கியை எடுத்தான், வளர்த்த நாயைக்கூடத் தூக்கிக்கொண்டு போனான். மை ஒற்றும் தாளை மட்டும் விட்டுவிட்டான். மூன்று மரப்பெட்டி நிறைய, வெளிர்ச் சிவப்பு நிறத்தில், பிரிக்காத கட்டுகள். ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்குள் ஊரில் மை தீர்ந்து போயிற்று. மை இல்லாத ஊரில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு யாராவது என்றால் அடுப்புப் பற்ற வைத்திருப்பார்கள். ஆனால் பெட்டிச் சாவி பெரிய கிராணி கலியாணசுந்தரத்தின் இடுப்பில் தொங்கியது. கிராணி என்றால் குமாஸ்தா. பெரிய கிராணி என்றால் இருபது குமாஸ்தாக்களின் கர்வத்தைத் தனி ஆளாகச் சுமக்கிறவர்.

அரசாங்கச் சொத்து சும்மா கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்று நாள் யோசித்துப் பென்சிலால் பதினான்கு பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினார். குற்றமுள்ளவனுக்கு வேர்க்கும். வேர்வையைத் தாளில் ஒற்றலாம். ஒற்றியதை அங்குலக் கோலால் அளக்கலாம். அளந்ததைக் கோப்பில் போடலாம். கோப்பில் போட்டது உண்மையாகிவிடும். இவ்வளவுதான் அந்தப் பதினான்கு பக்கமும். ஜப்பான் அதிகாரி ஒருவர் அதன்மேல் முத்திரை குத்தினார். படித்தாரா என்று கேட்காதீர்கள், முத்திரை குத்தினார்.

இப்படியாகக் காஜா பேராங்கில், ஓடிப்போன ஒரு ரப்பர் முதலாளியின் வீட்டில், 'மகா கிழக்காசிய மன உறுதிப் பரிசோதனை நிலையம், மலாக்கா' பிறந்தது. பலகை வீட்டைவிட நீளமாகிப் போனதால் 'மலாக்கா' மட்டும் பக்கச் சுவரில் திரும்பிப் போய் நின்றது. ஜனங்கள் அவ்வளவு பெரிய பேரை வாயில் வைத்துக்கொள்ளவில்லை. வேர்வை ஆபீஸ் என்றார்கள்.

மாதாமாதம் வீட்டுக்கு ஒருவர் அங்கே போய் நிற்க வேண்டும். நெற்றியில் வைத்த தாளில் ஈரம் ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் அரிசிச் சீட்டு கிடைக்கும். தாண்டினால் அந்த வீடு எதையோ ஒளிக்கிறது என்று பொருள். மூன்று முறை தாண்டினால் அது 'பதற்றக் குடும்பம்'. பதற்றக் குடும்பத்திலிருந்து ஓர் ஆண் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும். மலாக்கா ஊரில் கிடந்த தண்டவாளத்தை ஏற்கெனவே பெயர்த்து அங்கே அனுப்பியாயிற்று. அடுத்தபடியாக மனிதர்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து கடுதாசி வந்ததில்லை.

மலாக்கா புழுக்கத்தில் யாருக்குத்தான் வேர்க்காது என்று நீங்கள் கேட்கலாம். புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த ஒருவர் கேட்டார், அவருடைய சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரிய கிராணி அதற்கும் விதி வைத்திருந்தார். சோதனை காலை எட்டு மணிக்கு. கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தபடியால் அந்த எட்டு மணி மலாக்காச் சூரியனுக்கு ஆறரைதான். குளிர்ந்த கல்தரையில் அரை மணி உட்கார வைத்து, துண்டால் முகம் துடைத்து, அப்புறம்தான் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிறுத்துவார்கள். அதற்கு மேலும் வேர்த்தால் அது வெயில் வேர்வை அல்ல, துரோக வேர்வை.

பாக்கியலட்சுமி முதல் முறை போனபோது பயமில்லாமல்தான் போனாள். ஒளிக்க வீட்டில் என்ன இருந்தது? புருஷன் நடராஜனுக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை. டயருக்குக் காற்றுக் குழாய் கிடைக்காமல் தோட்டத்து ரப்பரையே முறுக்கி அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, கோப்பிக்குப் பதில் வறுத்த சோளம். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. எட்டு மாதமாக மாத முறை கண்டபடி வந்துகொண்டிருந்தது. மாசியில் வந்தது, பங்குனியில் காணோம், சித்திரையில் இரண்டு தடவை. அதோடு ஒரு சூடும் சேர்ந்துகொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா அது?

"வீட்டுல அரிசி பதுக்கி வச்சிருக்கியா?" என்று கேட்டார் கலியாணசுந்தரம்.

"இருந்தாத்தானேங்க பதுக்குறதுக்கு" என்றாள்.

பக்கத்து மேசையில் கோப்பு எழுதிய சின்னக் கிராணி தேவதாஸுக்குச் சிரிப்பு வந்து, பென்சிலைக் கடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சூடு வந்தது. நெஞ்சுக்குழியில் பிடித்தது, கழுத்தில் ஏறியது, காது மடல் கொதித்தது. கொதிக்கிற உலைமூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே ஆவி, அப்படி. இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டது. மயிர்க்காலெல்லாம் நீர் கசிந்து புருவத்தில் சொட்டியது. கலியாணசுந்தரம் முகம் மலர்ந்துபோய் எழுந்து வந்து தாளை அவள் நெற்றியில் ஒற்றினார். கோல் வைத்து அளந்தார்.

"ரெண்டே முக்கால் அங்குலம். இந்த ஆபீஸ் தொறந்ததுலேருந்து இதான் பெருசு. எழுதுங்க தேவதாஸ்."

"ஐயா, இது பயத்துல வந்தது இல்லீங்க" என்று குரலை அடக்கிச் சொன்னாள். பின்னால் வரிசையில் முப்பது ஆண்கள். "இது வந்து, வயசு விஷயம்ங்க. பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வரும். எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

"வாய் பொய் சொல்லும். உடம்பு பொய் சொல்லாது. பின்னால சுவத்துல எழுதிப் போட்டிருக்கேன், பாத்தியா?"

எழுதித்தான் போட்டிருந்தார். கீழே தம் பெயரையும் போட்டிருந்தார்.

மறுநாள் வீட்டைச் சோதனை போட வந்தார்கள். அடுக்குப் பானை, தலையணை, கோழிக்கூண்டு, சாமிப் படத்தின் பின்பக்கம், ஒன்றையும் விடவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. அதைக் கோப்பில் 'மிகத் திறமையாகப் பதுக்குபவர்' என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் மாதம் வருவதற்குப் பத்து நாள் முன்பே அவளுக்கு உடம்பு படபடக்க ஆரம்பித்துவிட்டது. கூடத்தில் யாராவது தட்டைக் கீழே போட்டால் அரை மணி நேரம் கை நடுங்கியது. முன்னெல்லாம் அவள் அப்படியா? பிரசவத்துக்கு முந்தின நாள்கூட விறகு பிளந்தவள். இப்போது வேர்த்துவிடுமோ என்று நினைத்தாலே வேர்த்தது. சுண்ணாம்பு வட்டத்தில் கால் வைத்ததும் தாள் மூன்றரை அங்குலத்துக்கு நனைந்தது. மூன்றாம் மாதம் கேள்வியே கேட்கவில்லை. பெரிய கிராணி சும்மா எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். நாலே கால்.

"நடராஜன், பதினேழாம் எண்" என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே பட்டியலில் எழுதினார். "இன்னைக்கு இருபதாம் நாள் தம்பின் ஸ்டேஷனுக்கு லோரி. அங்கேருந்து ரயிலு. ஒரு போர்வை, ஒரு தட்டு எடுத்துக்கலாம்."

"அவருக்கு அம்பத்திரண்டு வயசுங்க. நெஞ்சு வலிக்காரர்."

"சயாம் காத்து நெஞ்சுக்கு நல்லதுன்னு சொல்றாங்க" என்றார்.

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை, அங்கேதான் வயிறு எரிந்தது. நிஜமாகவே ஒரு நல்ல சேதி சொல்லுகிற மாதிரி சொன்னார். பாக்கியலட்சுமி வீடு திரும்பும்போது அழவில்லை. அந்த ஆளை என்ன செய்தால் தீரும் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். நினைக்க நினைக்கச் சூடு ஏறியது.

நேராகப் போனது ரஹீமா வீட்டுக்கு. ரஹீமா மருத்துவச்சி, காஜா பேராங்கில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. பாக்கியத்தைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால் இவள் அவளை அக்காள் முறையில் லாத்தா என்று அழைப்பாள்.

"அட கிறுக்கச்சி, மொதல்லயே வந்து சொல்ல மாட்டே?" என்றாள் ரஹீமா. "எனக்கும் வந்துச்சு, நாலு வருஷம் ஆட்டி வச்சிச்சு. மொத நின்னும் நிக்காமலும் இருக்கும் பாரு, அந்தக் காலம்தான் மோசம். முன்னயெல்லாம் ஒரு பயம் வந்தா ஒடம்பு லேசா அதிரும், உள்ளுக்குள்ள ஒரு ஆளு இருந்து அதை அமத்திருவான். இந்த வயசுல அந்த ஆளு லீவு போட்டுட்டுப் போயிர்றான். சின்னதுக்கும் ஒடம்பு ஊரே பத்திக்கிட்ட மாதிரி மணி அடிக்குது. தூக்கம் போவும். தூக்கம் போனா படபடப்பு கூடும். படபடப்பு கூடுனா சூடு கூடும்."

"இதை நிறுத்த முடியாதா லாத்தா?"

"நிறுத்த முடியாது, தள்ளிப் போடலாம். சூடான கோப்பி, மொளகு, இஞ்சி, இதெல்லாம் தொடாத. கதவ சாத்துன ரூம்புல ஒக்காராத. காத்து வர்ற பக்கம் இரு, கழுத்துல ஈரத்துணி போட்டுக்க. முக்கியமா கோவப்படாத."

"அது முடியாது" என்றாள் பாக்கியம்.

ரஹீமா மருத்துவச்சி என்ற முறையில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். இன்னாருக்கு மாத முறை நிற்கும் பருவம், ஆகையால் காரணமில்லாமல் வேர்க்கும் என்று. பெரிய கிராணி அதற்குத் தனிக் கூட்டமே கூட்டினார். அதில் அவரும் தேவதாஸும் வாசல் காவலாளியும் இருந்தார்கள். இரண்டு மணி நேரம் விவாதித்தபின் பதில் வந்தது.

பதிலைத் தேவதாஸ் வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டு படித்துக் காட்டினார். மேற்படி நிற்றல் எந்தத் தேதியில், யாருடைய உத்தரவின் பேரில் நிகழ்ந்தது என்று தெரிவிக்க வேண்டும். முந்தைய அரசாங்கத்தின் காலத்தில் தொடங்கியதை இந்த அரசாங்கத்தின் காலத்தில் நிறுத்துவதற்கு முன் அனுமதி பெறப்பட்டதா? மீண்டும் தொடங்கும் உத்தேசம் உண்டா? உண்டென்றால் மூன்று நகல்களில் எழுதித் தரவும்.

பாக்கியம் பதிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஐயா, அது இன்னும் முழுசா நிக்கலீங்க. நிக்குது, அப்புறம் வருது."

"அதான் ஏத்துக்க முடியாதுங்கறேன்" என்றார் கலியாணசுந்தரம். "ஒண்ணு நிக்கணும், இல்ல நடக்கணும். ரெண்டுங்கெட்டானா இருக்கறதுக்கு அச்சடிச்ச பாரத்துல கட்டமே இல்லை. நான் முப்பது வருஷம் வேலை பாத்தவன். போன அரசாங்கத்துக்கு எவ்வளவு விசுவாசமா இருந்தேனோ, நூல் பிசகாம அதே விசுவாசம் இந்த அரசாங்கத்துக்கும். நாளைக்கே வேற எவனாவது வந்தாலும்..." என்று சொல்லி வந்தவர் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "வர மாட்டான்" என்று முடித்தார்.

லோரிக்குப் பதினாறு நாள் இருக்கும்போது சியோனானிலிருந்து, அதாவது பழைய சிங்கப்பூரிலிருந்து, ஒரு கடிதம் வந்தது. மேஜர் ஹொசோயா நிலையத்தைப் பார்வையிட வருகிறார். இதுவரை வேர்வையின் மூலம் கண்டுபிடித்த பதுக்கல் மூட்டைகளின் எண்ணிக்கையைத் தயாராக வைத்திருக்கவும். கலியாணசுந்தரம் கோப்புகளைப் புரட்டினார். நனைந்த தாள்கள் நானூற்றுச் சொச்சம் இருந்தன. மூட்டை ஒன்றுகூட இல்லை.

ஆனால் முப்பது வருஷம் கோப்பில் ஊறியவர் சும்மா விடுவாரா? பாக்கியலட்சுமி இரண்டாம் முறை வேர்த்த அன்று அவளுக்குப் பின்னால் நின்றவர் தெங்கேராவிலிருந்து வந்த வெற்றிலைக் கடைக்காரர். அந்த ஆள் அடுத்த வாரம் இரண்டு டின் மண்ணெண்ணெயோடு பிடிபட்டிருந்தார். கலியாணசுந்தரம் பென்சிலைக் கீழே வைத்தார். அவள் வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் வேர்க்கிறது. அப்படியென்றால் அவளுக்கு வேர்ப்பது அவள் குற்றத்துக்காக அல்ல. பக்கத்தில் நிற்கிறவன் குற்றத்துக்காக. நிலையம் தோற்கவில்லை, ஒரு கருவியைக் கண்டுபிடித்திருக்கிறது.

அன்றே அவளை வரவழைத்து, இடத்தை மாற்றி வட்டத்துக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கழுத்தில் 'மனிதக் கருவி, எண் ஒன்று' என்று அட்டை மாட்டினார். யார் எதிரில் அவளுக்கு வேர்க்கிறதோ அவன் குற்றவாளி.

"அப்ப என் வேர்வை எங்க வீட்டுக் குத்தம் இல்லைன்னு ஆயிருச்சில்லீங்க? எங்க வீட்டுக்காரர் பேரை அடிச்சிருங்க."

"பட்டியல்ல அடித்தல் திருத்தல் கூடாது. பதினேழாம் எண் காலியா போகக் கூடாது. ஆனா ஒண்ணு செய்யலாம்." பெருந்தன்மையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பதினேழுக்குப் பதில் வேற ஒரு ஆளை நீயே புடிச்சுக் குடு. யார் முன்னால வேர்க்குதோ அவனைப் போட்டுக்கறேன். லோரி கெளம்பறதுக்குள்ள."

அவள் அவரையே பார்த்தாள். புருஷனைக் காப்பாற்ற இன்னொருத்தி புருஷனைக் கொடு என்கிறான். சொல்லிவிட்டு வாயில் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொள்கிறான். அந்த நிமிஷம் அவள் மனசுக்குள் பதினேழாம் எண்ணுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

பத்து நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். செங் கிராமத்துக் கூலிகள், சந்தைக்காரர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் ஒவ்வொருவராக எதிரில் வந்து அவள் நெற்றியைப் பார்த்து நடுங்கினார்கள். அவள் ரஹீமா சொன்னபடியே இருந்தாள். கோப்பி தொடவில்லை, சன்னல் பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டாள், அட்டைக்குக் கீழே கழுத்தில் ஈரத்துணி. ஒருவர் முன்னாலும் வேர்க்கவில்லை. ஒரே ஒரு நாள் சந்திரமதி என்ற விதவை நிற்கும்போது கட்டுக்கடங்காமல் வந்துவிட்டது. அந்த விதவைக்கு ஒரே மகன். தேவதாஸ் தாளை ஒற்ற வந்தார், ஈரத்தைப் பார்த்தார், தாளைத் திருப்பிப் பிடித்தார். "சுழி, ஈரமே இல்லை" என்று உரக்கப் படித்தார். சந்திரமதி போன பிறகு, "எனக்கு இந்த ஆபீஸ்ல ஒண்ணும் புரியறதே இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினார்.

வீட்டில் நடராஜன் போர்வையைத் துவைத்துக் காயப் போட்டிருந்தான்.

"யாரையாச்சும் காட்டிக் குடுத்துறாத பாக்கியம்" என்றான். "நான் போயிட்டு வந்துர்றேன்."

"போனவன் எவனும் வரலைங்க."

"அதுக்காக?"

"நீங்க போகலை" என்றாள். "போர்வையை மடிச்சு உள்ள வைங்க."

மேஜர் வந்த அன்று அவள் விடியலிலேயே எழுந்து தோட்டத்து இஞ்சியை ஒரு கை அளவு தட்டினாள். மிளகு இருபது. சோளக் கோப்பியில் போட்டுச் சுண்டக் காய்ச்சித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். ஈரத்துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டாள். ஆபீஸில் பெரிய கிராணி மரியாதைக்காகச் சன்னல்களை எல்லாம் சாத்தித் திரை போட்டு வைத்திருந்தார். அவள் செய்ய நினைத்திருந்த வேலையை அவரே செய்து வைத்திருந்தார்.

மேஜர் ஹொசோயா மெலிந்த மனிதர். வாளை முட்டிகளுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழும் மலாயும் தெரியும். முதலில் எல்லோரும் ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கு நோக்கிக் குனிந்தார்கள். அப்புறம் கலியாணசுந்தரம் பேசினார். முக்கால் மணி நேரம், வாய்க்கு வாய் துரை என்று பொருள்படும் 'துவான்' போட்டுப் பேசினார்.

"இந்த நிலையத்துக்கு முன்னாடி, மேன்மை தங்கிய துவான், யார் குத்தவாளின்னு தெரிஞ்சுக்க ஆதாரம் தேட வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் வீண். இப்ப ஆதாரமே தேவையில்லை. நான் கட்டின மொறையில நிரபராதின்னு ஒருத்தரைக் கண்டுபிடிக்கவே முடியாது, அவ்வளவு துல்லியம்."

மேஜர் தலையசைத்தார். கருவி எண் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார்.

வரிசையாக ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாக்கியம் தூக்குச்சட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள், இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஒருவர், இருவர், எட்டுப் பேர். நெற்றி உலர்ந்தே இருந்தது. மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலியாணசுந்தரத்தின் சட்டைக் காலர் நனைய ஆரம்பித்தது.

"எனக்குத் தொண்டை காயுதுங்க" என்றாள் பாக்கியம்.

"குடிச்சுத் தொலை."

குடித்தாள். தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் எரித்துக்கொண்டு இறங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பதினேழு என்ற எண்ணை நினைத்தாள். கொடியில் காய்ந்த போர்வையை நினைத்தாள். நெஞ்சுக்கு நல்லது என்ற அந்தக் குரலை நினைத்தாள். ஒன்பதாம் ஆள் வருவதற்குள் பெரிய கிராணியே பொறுக்க முடியாமல் வட்டத்துக்குள் வந்து நின்று, அவள் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"மானத்தை வாங்காத. இப்ப வேர்க்கலைன்னா நாளைக்கே உன் புருஷனை அனுப்பிடுவேன். வேர்த்துக் காட்டு."

வந்தது. இத்தனை மாதத்தில் அப்படி வந்ததில்லை. பாதத்திலிருந்து கிளம்பியது போல வந்தது. கழுத்து சிவந்து, காது சிவந்து, நெற்றியிலிருந்து நீர் மூக்கின் மேல் ஓடி அட்டையில் சொட்டியது. இத்தனை நாள் வெட்கப்பட்டுக் கூனிக் கிடந்த அந்தச் சூட்டை அவள் அன்று நிமிர்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். சுகமாக இருந்தது.

தேவதாஸ் தாளை ஒற்றினார். கோலை வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"தாள் பத்தலைங்க. முழுக்க நனைஞ்சிருச்சு."

மேஜர் எழுந்து வந்தார். அவளைப் பார்த்தார். அவள் எதிரில் வட்டத்துக்குள் நிற்கிறவரைப் பார்த்தார். மேசையிலிருந்து இன்னொரு தாளைத் தம் கையாலேயே எடுத்துக் கலியாணசுந்தரத்தின் நெற்றியில் வைத்து அழுத்தினார். அது மூன்றே முக்கால் அங்குலத்துக்கு நனைந்தது.

"விதி என்ன?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

தேவதாஸ் புத்தகத்தைத் திறந்தார். உரக்கப் படித்தார். "கருவி எவர் எதிரில் வேர்க்கிறதோ அவர் குற்றவாளி. பதவி, வயது, ஜாதி எதுவும் விலக்கல்ல. எழுதியவர், பெரிய கிராணி கலியாணசுந்தரம்."

"துவான், துவான், தப்பு" என்று பதறினார் கலியாணசுந்தரம். "அது என்னைப் பாத்து வேர்க்கலை. அது பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வர்றது. மாசமாசம் வர்றது நிக்கிற சமயம் அப்படித்தான் திடீர்னு சூடு ஏறும், படபடன்னு வரும். மருத்துவச்சி கடுதாசி குடுத்திருக்கு, என் கோப்புலயே இருக்கு. காரணமே வேண்டாம், சும்மாவே வேர்க்கும் துவான். பாவம், அது ஒடம்பு வாகு."

ஊரில் அந்த விஷயத்தை அவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. மொழிபெயர்ப்பாளர் வார்த்தை பிசகாமல் சொன்னார். மேஜர் பாரத்தைக் கேட்டு வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதற்கு இதில் கட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

கட்டம் இல்லை.

சாயங்காலம் கலியாணசுந்தரத்தின் வீட்டைச் சோதனை போட்டார்கள். அடுக்குப் பானை, தலையணை, கோழிக்கூண்டு, சாமிப் படத்தின் பின்பக்கம். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் நிஜமாகவே எதையும் பதுக்கியிருக்கவில்லை. தேவதாஸ் அதைக் கோப்பில் 'மிகத் திறமையாகப் பதுக்குபவர்' என்று எழுதினார். பட்டியலில் அடித்தல் திருத்தல் இல்லாமல், நடராஜன் பேருக்கு மேலேயே ஒரு துண்டுத் தாளை ஒட்டிப் புதுப் பேர் எழுதினார்.

இருபதாம் நாள் லோரி ஆபீஸ் வாசலிலேயே வந்து நின்றது. பதினாறு பேர் ஏறிவிட்டார்கள். அவர்களில் ஒருவரையும் அவளால் இறக்க முடியவில்லை. அவர்களுடைய பெண்டாட்டிகள் அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். பாக்கியம் அவர்களைப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெரிய கிராணி மேல் கொஞ்சமிருந்த இரக்கமும் ஆவியாகிப் போயிற்று.

கலியாணசுந்தரம் ஒரு போர்வையும் ஒரு தட்டுமாக வந்தார். அவளைக் கண்டதும் கும்பிட்டார்.

"பாக்கியம்மா, உங்களுக்கு எல்லாம் தெரியும்ல. அன்னைக்கு நீங்க சொன்னது நெசந்தாம்மா. அது வயசுதாம்மா. ஒரு வார்த்தை துவான்கிட்ட சொல்லுங்க. அது எனக்காக வேர்க்கலைன்னு சொல்லுங்க."

அதில் பொய்யென்ன, மெய்யென்ன? வயதா, இஞ்சியா, ஆத்திரமா, எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. ஆனால் யாருக்காக வேர்த்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"உங்களுக்காகத்தாங்க வேர்த்துச்சு" என்றாள். "வாய் பொய் சொல்லும். உடம்பு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க."

காவலாளி அவரை லோரியில் ஏற்றினான். அவள் முந்தானையிலிருந்து ஒரு கட்டு எடுத்து நீட்டினாள். வெளிர்ச் சிவப்பு நிறம், பிரிக்காத கட்டு. அவர் அதை வாங்கிக்கொண்டு என்ன என்று புரியாமல் பார்த்தார்.

"வழியில தொடச்சுக்குங்க, ஐயா. சயாம்ல ரொம்ப வேர்க்குமாம்."

லோரி புறப்பட்டுப் போயிற்று. பாக்கியலட்சுமி வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் மறுபடியும் சூடு ஏறியது. ஒரு மரத்தடியில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டாள். யாரும் வந்து அளக்கவில்லை. அடங்கியதும் போய்ப் புருஷனுக்குக் கிழங்கு அவித்தாள்.